புகைக்கும் கருவிகளில் உலோகம்: ஹூக்கா முதல் மின்சிகரெட் வரை

முன்னுரை

மின்சிகரெட் என்பது புகையிலையைக் கொளுத்தாமல், நிக்கோட்டின் கலந்த நீர்மம் ஒன்றை மின்கலத்தின் துணையால் சூடாக்கி, அதிலிருந்து எழும் ஆவியை உள்ளிழுக்கச் செய்யும் சிறு கருவியாகும். இளைஞர் வழக்கில் இதற்கு ‘வேப்’ என்று பெயர். இந்தியாவில் இதைச் செய்வதும் விற்பதும் 2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. ஆயினும் பேனா வடிவிலும், பென் டிரைவ் வடிவிலும், வண்ண வண்ணப் பெட்டி வடிவிலும் இது கள்ளத்தனமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. பார்த்தவுடன் இன்னதென்று கண்டுபிடிக்க முடியாதபடி செய்யப்பட்டிருப்பதால் பெற்றோரும் ஆசிரியரும் பல நேரம் ஏமாந்துபோகின்றனர்.

இதன் தீமையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நிக்கோட்டினோடு நிறுத்திக்கொள்வர். இக்கட்டுரை அந்தக் கருவியில் உள்ள உலோகத்தைப் பற்றியது. உள்ளே ஒரு கம்பிச் சுருள், அதைத் தாங்கும் முனைகள், அவற்றை ஒட்டவைக்கும் சால்டர், வாயில் வைக்கும் குழல் என எல்லாவற்றிலும் ஏதோ ஓர் உலோகம் உண்டு. ‘எந்தக் கருவி நல்லது, எந்தக் கம்பி பாதுகாப்பானது’ என்று வெளிநாடுகளில் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் நம் ஊர் அடுப்படிக்கும் பங்கு உண்டு.

சுருட்டும் பீடியும் ஹூக்காவும்

தமிழகத்துப் புகைப் பழக்கத்தில் உலோகத்துக்கு இடமே இருந்ததில்லை. போர்ச்சுகீசியர் வழியாகப் புகையிலை இந்தியாவுக்கு வந்தபின் இங்கு வேரூன்றியவை சுருட்டும் பீடியும். சுருட்டு முழுக்க முழுக்க இலை. பீடி, தெந்து இலையும் உள்ளே புகையிலைத் தூளும் கட்ட ஒரு நூலும் மட்டுமே. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு ஆங்கிலேயர் காலத்தில் கடல்கடந்து போய்ப் பெயர் பெற்றது. ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் முதல் கதையிலேயே (1887) திருச்சிச் சுருட்டின் சாம்பல் ஒரு தடயமாக வருகிறது. உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டுத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

உலோகம் நுழைந்தது ஹூக்காவில். அக்பரின் தூதராகப் பீஜப்பூர் சென்ற அசாத் பேக், 1604–05 அளவில் அங்கிருந்து புகையிலையும் அழகிய புகைக்குழலும் கொண்டுவந்து பேரரசர் முன் வைத்ததாகத் தம் குறிப்பில் எழுதியுள்ளார். அக்பர் சில முறை இழுத்துப் பார்த்தார். அரண்மனை மருத்துவர் மறுத்துப் பேசினார். நீரின் வழியாகப் புகையைச் செலுத்தினால் தீங்கு குறையும் என்று கருதி ஹூக்காவை அமைத்தவர் ஹக்கீம் அபுல் ஃபத் கிலானி என்று பல நூல்களில் காணலாம். ஆனால் கிலானி 1589-இல் இறந்தவர். அசாத் பேக் கதை அதற்குப் பதினைந்து ஆண்டுகள் பிந்தியது. இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதி, இடையில் உள்ள ஆண்டுகளைக் கணக்குப் பார்க்காமல் விட்டுவிடும் வழக்கம் நம் பாடநூல் எழுதுவோரிடமும் இருக்கிறது. யார் அமைத்ததாயினும், ‘கருவியை மாற்றினால் தீங்கு குறையும்’ என்ற எண்ணம் நானூறு ஆண்டுப் பழமையுடையது என்பது மட்டும் தெளிவு. ஜஹாங்கீர் 1617-இல் புகையிலைக்குத் தடை விதித்தார். அந்தத் தடை நிலைக்கவில்லை.

ஹூக்காவின் அடிக்கலம் பித்தளையிலும் வெள்ளியிலும் பீதரின் பித்ரி வேலைப்பாட்டிலும் செய்யப்பட்டது. பித்ரி என்பது துத்தநாகத்தில் சிறிது செம்பு கலந்து வார்த்து, மேலே வெள்ளி இழைத்துக் கறுப்பேற்றுவது. அக்கலத்தில் நிற்பது குளிர்ந்த நீர். கரி கனல்வது மேலே உள்ள மண் சிலும்பியில். நெருப்புக்கும் உலோகத்துக்கும் இடையே ஒரு தூரம் இருந்தது. மின்சிகரெட்டில் அந்தத் தூரம் இல்லை. சூடேறுவதே உலோகம்தான்.

இதைக் கொண்டு சுருட்டும் பீடியும் உலோகம் அற்றவை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தையும் காரீயத்தையும் உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. அவை புகையோடு நுரையீரலுக்குப் போகின்றன. அது இலையின் குற்றம். இங்கு நாம் பேசப்போவது கருவியின் குற்றம்.

அடுப்படி அறிந்த பாடம்

கிளியனூருக்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும் கழுவெளி ஏரி. அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கொள்வர். இக்கரையில் வாழ்பவர்க்கு உலோகத்தின் பலவீனத்தைப் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. உப்பளத்தில் உப்பை வாருவது மரப்பலகை. உப்புக் காற்று படும் சன்னல் கம்பியும் சைக்கிள் சங்கிலியும் எவ்வளவு விரைவில் துருவேறும் என்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டில் கல்லுப்பை வைப்பது பீங்கான் ஜாடியில் அல்லது மண் பானையில். எவர்சில்வர் டப்பாவில் ஈர உப்பை மாதக்கணக்கில் வைத்தால் அடியில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். உப்பிலுள்ள குளோரைடு, எவர்சில்வரைக் காக்கும் குரோமிய ஆக்சைடுப் படலத்தை ஓரிடத்தில் துளைத்துவிடுவதே காரணம்.

புளிக்கும் இதே கதை. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்போ மோரோ வைத்தால் களிம்பேறும் என்று நம் பாட்டிமார் கல்சட்டியிலும் மண்சட்டியிலும் குழம்பு வைத்தார்கள். பித்தளையிலேயே சமைக்க வேண்டியிருந்தால் உட்புறம் ஈயம் பூசினார்கள். துருத்தி, கரி, நவச்சாரம், ஒரு பிடி பஞ்சு ஆகியவற்றோடு தெருவில் ஈயம் பூசுபவர் உட்கார்ந்தால் தெருவே சுற்றி நிற்கும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி அழுக்கை நீக்கி, ஈயக் குச்சியைத் தேய்த்துப் பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றினால் உள்ளே வெள்ளி போல் பளபளக்கும். அங்கே எழும் வெள்ளைப் புகையின் பக்கம் போகாதே என்று பெரியவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொள்வார்கள்.

இங்கு ஒரு சொல் விளக்கம் தேவை. தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு உலோகங்களுக்கு வழங்குகிறோம். பாத்திரத்துக்குப் பூசுவதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்வதும் வெள்ளீயம். இது 232 டிகிரி செல்சியசில் உருகும். அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் அடி கழன்றுவிடும். பழைய தண்ணீர்க் குழாய்களிலும் மோட்டார் வாகன மின்கலங்களிலும் இருப்பது காரீயம். இது 327 டிகிரியில் உருகும். வெள்ளீயம் உணவுக்கு ஏறத்தாழத் தீங்கற்றது. காரீயமோ நஞ்சு, இந்த அளவு வரை பாதுகாப்பானது என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காரீயம் மலிவானது என்பதால் வெள்ளீயத்தில் அதைக் கலக்கும் மோசடி பழங்காலம் தொட்டே உண்டு. ஆகவே ‘ஈயம்’ என்று செய்தித்தாளில் படித்தால் எந்த ஈயம் என்று கேட்க வேண்டும். இக்கட்டுரையில் இனி இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன்.

அடுப்படியின் பாடம் இவ்வளவுதான்: புளிப்பு, சூடு, நேரம் மூன்றும் சேர்ந்தால் உலோகம் கரையும். மின்சிகரெட்டில் இம்மூன்றும் ஒரு விரல் நீளக் குழலுக்குள் கூடியிருக்கின்றன.

கம்பியின் கதை

மின்சாரம் பாயும்போது சூடாக வேண்டும், ஆனால் உருகவும் கூடாது, காற்றில் எரிந்து உதிரவும் கூடாது. இப்படி ஒரு கம்பி பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடையாது. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலோடு குரோமியத்தைக் கலந்து இதற்கு விடை கண்டார். 1906-இல் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ 80 பங்கு நிக்கலும் 20 பங்கு குரோமியமும் கொண்ட இக்கலவையே நிக்ரோம். மின் இஸ்திரிப் பெட்டி, ரொட்டி வாட்டும் கருவி, சுருள் தெரியும் பழைய மின் அடுப்பு ஆகியவை வீட்டுக்கு வந்தது இந்தக் கம்பியால்தான். பின்னர் சுவீடனில் ஹான்ஸ் வான் கான்ட்சோ, நிக்கல் இல்லாமல் இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றையும் கலந்து இன்னும் மலிவான ஒன்றைச் செய்தார். தம் பெயரின் முற்பகுதியையும் தம் ஊரான ஹால்ஸ்டாஹம்மரின் முற்பகுதியையும் இணைத்து அதற்குக் ‘காந்தால்’ என்று பெயர் வைத்தார். 1931-இல் அப்பெயரில் நிறுவனமும் அமைந்தது.

இவ்விரு கம்பிகளும் காற்றில் சூடாவதற்காகச் செய்யப்பட்டவை. இவற்றை ஒரு நீர்மத்தில் நனைத்த பஞ்சைச் சுற்றிக் கட்டி, மேலே எழுவதை மனிதர் மூச்சில் இழுப்பார்கள் என்று மார்ஷோ கான்ட்சோவோ எண்ணியிருக்க வழியில்லை.

எண்ணியவர்கள் வேறு சிலர். ஜோசப் ராபின்சன் என்பவர் மருந்தாவியை இழுக்க ஒரு மின்கருவியை வரைந்து 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் 1963-இல் விண்ணப்பித்து 1965-இல் பெற்ற காப்புரிமை, ‘புகையும் புகையிலையும் அற்ற சிகரெட்’ பற்றியது. சூடான, ஈரமான, மணமூட்டிய காற்றை இழுப்பதே அவர் நோக்கம். அதில் நிக்கோட்டின் இல்லை. செய்து விற்க யாரும் முன்வராததால் அது காகிதத்தோடு நின்றது.

இன்றைய மின்சிகரெட் சீனாவின் ஷென்யாங் நகர மருந்தாளுநர் ஹான் லிக் 2003-இல் அமைத்தது. அவரும் கடுமையாகப் புகைத்தவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். அவருடைய முதல் வடிவம் நீர்மத்தை மீயொலி அதிர்வால் துளியாக்கியது. விற்பனைக்குப் பெருகிய வடிவங்களில் அந்த அதிர்வு போய்ச் சூடேறும் கம்பிச் சுருள் வந்தது. மலிவு, எளிமை என்பதே காரணம். இந்த மாற்றத்தைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. என் பார்வையில் இக்கருவியின் வரலாற்றிலேயே முக்கியமான திருப்பம் இதுதான். ஒரு மருந்தாளுநர் தொடங்கிய பொருள் அங்கே ஓர் இஸ்திரிப் பெட்டித் தொழில்நுட்பமாக மாறிப்போயிற்று. 2004-இல் சீனாவில் விற்பனை. அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி. ஷென்ஜென் நகரத் தொழிற்சாலைகள் உலகுக்கே செய்து அனுப்பத் தொடங்கின.

கருவியைத் தாமே சீர்செய்துகொள்ளும் கூட்டம் ஒன்றும் வெளிநாடுகளில் வளர்ந்தது. கம்பியை வாங்கித் தாங்களே சுற்றுவது, பித்தளை அல்லது செம்புக் குழலில் மின்கலத்தை நேரடியாகப் பொருத்துவது என்று அது ஒரு பொழுதுபோக்காகவே ஆயிற்று. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள் வந்தபோது தூய நிக்கல் கம்பியும் டைட்டானியம் கம்பியும் புழக்கத்துக்கு வந்தன. இன்ன கம்பி நல்லது, இன்ன கம்பி சுவை தரும் என்று கடைக்காரர் சொல்லே வேதமாயிற்று. இக்கம்பிகளைச் செய்தவர்கள் அவற்றை மூச்சுக்காகச் சோதித்ததில்லை.

மாணவர் கேட்கும் கேள்வி

நிக்ரோமில் நிக்கலும் குரோமியமும் இருக்கின்றன என்று சொன்னால், “சார், எவர்சில்வர் தட்டிலும் அதே ரெண்டும்தானே இருக்கு, அதுல தினமும் சாப்பிடுறோமே?” என்று பத்தாம் வகுப்புப் பையன் கேட்பான். நல்ல கேள்வி. வீட்டு எவர்சில்வரில் பொதுவாக 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு, மிச்சம் இரும்பு. தட்டிலிருந்து மிகச் சிறிதளவு உணவில் சேரவும் செய்யும்.

வேறுபாடு வழியில் இருக்கிறது. வயிற்றின் வழியே போகும் பொருளுக்குக் காவல் அதிகம். பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இரத்தத்தில் கலக்கும், மிச்சம் வெளியேறிவிடும். குழந்தைகளுக்கு இது பல மடங்கு அதிகம். நுரையீரலின் அடியாழம் வரை போகும் மிக நுண்ணிய துகளுக்கு அந்தக் காவல் இல்லை. அங்கே படிந்த காரீயம் பெரும்பாலும் முழுமையாக உடலில் சேரும். எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். நிக்கல் சேர்மங்களும் ஆறு இணைதிறன் குரோமியமும் மூச்சில் போகும்போது நுரையீரல் புற்றுநோய் உண்டாக்குபவை என்று மருத்துவம் உறுதியாகக் கண்டுள்ளது. அதைக் கண்டது நிக்கல் உருக்காலைகளிலும் குரோமியத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்து நோயுற்ற தொழிலாளரிடம்.

நம் ஊர் வெல்டிங் பட்டறைக்காரரைக் கேட்டாலும் தெரியும். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்த நாளில் இரவு குளிர்க்காய்ச்சல் வரும், மறுநாள் சரியாகிவிடும். பால் குடித்தால் போதும் என்பார்கள். அது உலோகப் புகைக் காய்ச்சல். அதே துத்தநாகம் மாத்திரையாக வயிற்றுக்குப் போனால் மருந்து.

ஆய்வகங்கள் கண்டவை

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த மோனிக் வில்லியம்ஸ், புரூ டால்பட் குழுவினர் 2013-இல் ஒரு மின்சிகரெட்டை உடைத்துப் பார்த்து எழுதினார்கள். ஆவியில் வெள்ளீயத் துகள்கள் இருந்தன. கம்பியிலோ வெள்ளீயம் கிடையாது. தேடிப்போனால், கம்பியை ஒட்டவைத்த சால்டரிலிருந்து அது வந்திருந்தது. கம்பிக்குள்ள நிக்கல், குரோமியம், செம்புக் கம்பியின் மேல் பூசிய வெள்ளி ஆகியவையும் அகப்பட்டன. எல்லாரும் சுருளையே பார்த்துக்கொண்டிருக்க, கசிந்தது மூட்டு.

சால்டருக்கும் சுருளுக்கும் உள்ள பொருத்தமின்மையைப் புரிந்துகொள்ள ஓர் எண் போதும். பழைய வெள்ளீய-காரீய சால்டர் 183 டிகிரியிலேயே இளகும். காரீயம் நீக்கிய புதிய வகை ஏறத்தாழ 217 டிகிரியில் இளகும். சுருளோ வழக்கமாகவே 200 டிகிரியைத் தாண்டும். பஞ்சு காய்ந்துவிட்டால் எங்கேயோ போகும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாப்லோ ஓல்மெடோ, ஆனா மரியா ரூல் முதலியோர் 2018 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு மைல்கல். கடையில் வாங்கிய புதுக் கருவிகளை அவர்கள் எடுக்கவில்லை. தினமும் பயன்படுத்தும் 56 பேரிடமிருந்து அவரவர் கருவியையே வாங்கினார்கள். நீர்மத்தை மூன்று இடங்களில் சோதித்தார்கள்: நிரப்பும் புட்டியில், கருவிக்குள் நின்றபின், ஆவியானபின். புட்டியில் உலோகம் மிகக் குறைவு. ஆவியில் காரீயத்தின் நடு அளவு புட்டியில் இருந்ததைப்போல் 25 மடங்குக்கு மேல். ஆவி மாதிரிகளில் ஏறத்தாழ பாதி, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் உடல்நல வரம்பைத் தாண்டின. இடையில் நடந்தது ஒன்றுதான். கருவிக்குள் போய் வந்தது. களிம்பேறிய பித்தளைக் குடத்தை விளக்க இதைவிட நல்ல சோதனையை எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை. இன்னொன்றும் கண்டார்கள். சுருளை அடிக்கடி மாற்றுவோரின் ஆவியில் சில உலோகங்கள் அதிகமாக இருந்தன. ‘புதுச் சுருள் போட்டுக்கொண்டால் நல்லது’ என்ற கடைவீதி அறிவுரைக்கு இது நேர் எதிர்.

காரீயம் எங்கிருந்து வருகிறது? நிக்ரோமிலும் காந்தாலிலும் அது கலக்கப்படுவதில்லை. பித்தளையைக் கடைசல் இயந்திரத்தில் கடையும்போது சீவல் நீளமாகச் சுருண்டு உளியில் சிக்கும். 2, 3 பங்கு காரீயம் சேர்த்தால் சீவல் பொடிப்பொடியாக உதிரும், வேலை விரைவாகும். சிறு திருகு, முனை, இணைப்பு எல்லாம் இப்படிப்பட்ட பித்தளையில்தான் செய்வது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. ஆனால் செம்புக் கலவைகளில் 4 பங்கு வரை காரீயம் இருக்கலாம் என்று விலக்கும் கொடுத்தது. தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் அந்த விலக்கில் ஆபத்தில்லை. யாரும் தொலைக்காட்சியைச் சூடாக்கி மூச்சில் இழுப்பதில்லை. மின்னணுப் பொருளுக்கு எழுதிய விதி, வாயில் வைக்கும் பொருளுக்கும் செல்லுபடியாகிவிட்ட விபரீதம் இது.

2025 ஜூனில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளைச் சோதித்து வெளியிட்ட முடிவு இதை உறுதி செய்தது. சில கருவிகளில் சுருளே படாத பகுதியில், காரீயம் கலந்த வெண்கல உறுப்பிலிருந்து காரீயமும் நிக்கலும் நீர்மத்தில் கசிந்திருந்தன. ஒரு கருவி ஒரு நாள் பயன்பாட்டில் வெளியிட்ட காரீயம், ஏறத்தாழ 20 பாக்கெட் சாதாரண சிகரெட்டுகளில் வருவதைவிட அதிகம். மாணவர் கையில் அதிகம் அகப்படுவதும் இந்த எறிந்துவிடும் வகைதான்.

இவ்வகைக் கருவிகளில் ‘நிக்கோட்டின் உப்பு’ என்று ஒன்றைச் சொல்வார்கள். உப்பளத்து ஊரில் அச்சொல் சாதுவாக ஒலிக்கும். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு என்று பத்தாம் வகுப்பில் படிக்கிறோம் அல்லவா? நிக்கோட்டின் ஒரு காரம். அதோடு பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்தால் தொண்டைக் கரகரப்புக் குறைந்து அதிக நிக்கோட்டினை எளிதாக இழுக்க முடியும். கரகரப்பு என்பது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை, அதை எடுத்துவிடுகிறார்கள். அமிலம் சேர்ந்த நீர்மம் உலோகத்தை அரிக்கவும் ஏதுவானது. புளிக்குழம்பும் பித்தளையும்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வழியாக இக்கேள்வி நம் வீடுகளுக்குள்ளும் வருகிறது. நிக்ரோமை விடக் காந்தாலில் நிக்கல் இல்லை என்பது உண்மை. ஆனால் குரோமியமும் அலுமினியமும் உண்டு. எவர்சில்வர் கம்பியில் மூன்று உலோகங்கள். டைட்டானியம் அளவுக்கு மீறிச் சூடானால் வெள்ளைப் பொடியாக ஆக்சைடு படியும். பீங்கான் சுருள் என்று விற்பதிலும் பீங்கானுக்குள் உலோகக் கம்பியே புதைந்திருக்கும். கம்பியை நன்றாகத் தேர்ந்தாலும் முனையும் மூட்டும் என்ன உலோகம் என்று வாங்குபவருக்குத் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. அட்டைப்பெட்டியில் எழுதுவதும் இல்லை.

உலோக உறையாலும் ஆபத்து நேர்ந்திருக்கிறது. லித்தியம் மின்கலம் உள்ளே வெடித்தால் உறையே குண்டாகிவிடும். 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒருவர் இப்படி உயிரிழந்தார்.

2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, சிகரெட்டைக் காட்டிலும் மின்சிகரெட் 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என்று ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. நெடுங்காலம் சிகரெட் பிடித்து விட முடியாதவருக்கு அந்நாடு இதை ஒரு வழியாகக் கருதுகிறது. அக்கருத்தை இங்கு மறைக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே புகைப்பவரைச் சிகரெட்டோடு ஒப்பிட்டுச் சொன்னது. புகைக்கவே தொடங்காத பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஒப்பீடு சிகரெட்டோடு இல்லை, கடற்கரைக் காற்றோடு. அதே இங்கிலாந்து 2025 ஜூன் 1 முதல் ஒருமுறைக் கருவிகளின் விற்பனையைத் தடை செய்தது.

தடை

பஞ்சாப், கர்நாடகம், கேரளம் எனச் சில மாநிலங்கள் முன்னரே தடைப்பாதையில் இறங்கியிருந்தன. தமிழ்நாட்டில் 2018 ஜூனில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்து, செப்டம்பரில் தடை ஆணை வந்தது. இடையில் ஆகஸ்டு மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் அறிவுரை அனுப்பியது. 2019 மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாளன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத் தடையைப் பரிந்துரைத்து அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு அமெரிக்காவில் ஆவி இழுத்தோரிடையே கடும் நுரையீரல் நோய் பரவியது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தனர் அல்லது இறந்தனர், இறந்தோர் 68. அதற்கு முதன்மைக் காரணம் கஞ்சாச் சாற்றில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் என்று பின்னர் தெரிந்தது. அந்த நோய்க்கு உலோகத்தைக் காரணம் காட்டுவது தவறு. இங்கே சிலர் இரண்டையும் குழப்பி மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

2019 செப்டம்பர் 18-இல் மத்திய அரசின் அவசரச் சட்டம் வந்தது. டிசம்பரில் நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு முழுச் சட்டமாயிற்று. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விளம்பரம் யாவும் குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறைக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம். மத்தியச் சட்டம் ஆதலால் கிளியனூருக்கும், சாலை வழியே சற்றுத் தொலைவில் தொடங்கும் புதுச்சேரிக்கும் இதில் வேறுபாடில்லை. மதுவுக்கு இருப்பதுபோல் எல்லை தாண்டிப் போய் வாங்கும் பேச்சு இதில் எடுபடாது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதும் பயன்படுத்துவதுமே குற்றம்; அங்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பீடியும் சிகரெட்டும் பெட்டிக்கடையில் தொங்க, இதற்கு மட்டும் தடையா என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பீடி சுற்றி வாழும் லட்சக்கணக்கான பெண்களை நினைத்து எந்த அரசும் அங்கே கை வைக்கத் தயங்குகிறது. ஹூக்கா பார்களைத் தடுக்கும் திருத்தத்தைத் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை 2022 அக்டோபரில் நிறைவேற்றியது. வேரூன்றிய தீமையை அகற்றுவதைவிட வேரூன்றாததைத் தடுப்பது எளிது என்ற கணக்கே இவற்றில் தெரிகிறது. அந்தக் கணக்கு சரியென்றே எனக்குப் படுகிறது.

தடைக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. தடை செய்த பொருளுக்குத் தர முத்திரை கிடையாது. குக்கருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் உள்ள இந்தியத் தர நிர்ணயம் இதற்கு இல்லை, இருக்கவும் முடியாது. கள்ளச் சரக்காக வரும் கருவியில் என்ன பித்தளை, என்ன சால்டர் என்று எவரும் பார்ப்பதில்லை. ஆகவே இங்கு ஒருவர் ‘நல்ல கருவி’யைத் தேர்ந்தெடுக்க வழியே கிடையாது.

பையில் கண்டால்

பிள்ளையின் பையில் இப்படி ஒன்று கிடைத்தால் அதை உடைத்துப் பார்க்க வேண்டாம்; உள்ளே இருப்பது லித்தியம் மின்கலம். அடுப்பிலோ குப்பை எரியும் இடத்திலோ போடக் கூடாது. வாய்க்காலில் எறிந்தால் உப்பு நீரில் உறை அரித்து, உள்ளிருக்கும் நிக்கோட்டினும் உலோகமும் மண்ணில் இறங்கும். மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில்தான் சேர்க்க வேண்டும். சிறு குழந்தை எட்டாத இடத்தில் அதுவரை வைக்கவும். நீர்மத்தைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பழக்கத்தை விட உதவி வேண்டுவோர் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800 11 2356-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம்.